புள்ளியில் அடங்காத பாடம்

பிள்ளையின் ஓராண்டை எதனைக் கொண்டு அளப்பது? ஆசிரியராகிய நாம் புள்ளிகளைக் கொண்டே அளந்து பழகியவர். அப்பழக்கத்தை எம் மகனே திருத்தினான்.

2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை பிந்தி, 2022 மே மாதத்திலேயே நடைபெற்றது. மின்வெட்டும் எரிபொருட் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. பதினாறு வயதான மகனோ மாலைதோறும் புத்தகத்தை மூடிவிட்டுச் சைக்கிளுடன் மறைவான். இருண்ட பின்னரே திரும்புவான். “பரீட்சை நெருங்குகிறது, உனக்கு ஊர்சுற்றலா?” எனப் பலமுறை கடிந்தோம். அவன் மறுமொழி கூறிலன்.

பெறுபேறு வந்தது. கணிதத்திற் சாதாரண சித்தி மட்டுமே. எம் முகவாட்டத்தை அறிந்த மாமனார், அயலூரிலே தனித்து வாழ்பவர், எம்மை அழைத்தார்.

“தம்பி, அவனை ஏசாதேயுங்கோ. என்ரை கால் புண்ணுக்கு மருந்து கட்ட, பின்னேரத்திலை கரியரில் ஏற்றிக்கொண்டு போனவன் அவன்தான். உங்களுக்குக் கவலை வைக்கக்கூடாதெண்டு நான்தான் சொல்லவேண்டாமெண்டனான்.”

நாம் தலைகுனிந்தோம். வள்ளுவர் வகுத்த ‘மக்கட்பேறு’ அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கும் எமக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. பெற்றோரே, பெறுபேற்றுத் தாளில் இடம்பெறாத பாடங்களும் உள.

அன்று மாலை மகனிடம் பேச நாவெழவில்லை. அவனது சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தோம்.