துளைக்குழியின் ஒலி தமிழில் வரட்டும்!

நெய்வேலியின் வரலாறு துளைக்குழியில் தொடங்கியது. 1930-களில் நீருக்காக இறக்கிய துளைகளில் கரிய துகள் கலந்து வந்தது. நிலக்கிழார் சம்புலிங்கனார் அதனை அரசின் பார்வைக்குக் கொண்டு சென்றார். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957-இல் அகழ்வு தொடங்கியது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. வள்ளலார் அணையா அடுப்பு மூட்டிய வடலூர்க்கு அண்மையிலேயே இவை யெல்லாம் நடந்தன. எனினும், அத்துளைகள் கூறும் செய்தியை அறியாதவர் அம்மண்ணின் மக்களே!

நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தமுற்ற நீர்த்தேக்கம் ஒன்றுண்டு. சதுரச் செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ அளவில் அது மேல்நோக்கி முட்டுவதாகக் கணக்கிட்டுள்ளனர். அந்நீரை இறைத்து அழுத்தம் தணிக்காமல் அகழ்தல் இயலாது. ஆகவே அங்கே கற்படுகையின் உறுதியும் நீர் ஊடுருவும் அளவும் வெறும் ஏட்டறிவல்ல. உழவரின் கிணற்றைத் தொடும் செய்திகள்.

அவற்றை அறிதற்குரிய வழிகளுள் ஒன்று ஒலி. காவிரிப் படுகையில் கன்னெய் தேடுவோர் நெடுங்காலமாய்ப் பயன்படுத்தும் முறை இது. நீர் நிறைந்த துளைக்குள் ஒலிக்கருவியை இறக்குவர். ஒலி நீரைக் கடந்து, குழிச்சுவரின் பாறை வழியே ஓடி, மீண்டும் நீருள் புகுந்து வாங்கிகளை அடையும். இரு வாங்கிகளுக்கு இடைப்பட்ட நேரமே பாறையில் அலையின் விரைவைக் காட்டிவிடும்.

ஆனால் இம்முறை கடும்பாறைக்கே எளிது. கடலூர் மணற்கல் என நிலவியலார் குறிக்கும் படுகையிலோ இறுகாத மணலும் களியும் மிகுதி. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். குறுக்கலை அதனினும் மெதுவாகச் செல்லும் மென்படுகையில் அவ்வலை சுவரோரம் ஓடி வாங்கிக்கு மீள்வதே இல்லை! அங்குக் கைகொடுப்பது குழிநீரும் சுவரும் சேர்ந்து நடத்தும் குழாயலை. குறுக்கலை 800 மீட்டர் விரைவில் செல்லும், நீரைப்போல் இருமடங்கு அடர்த்தியுள்ள மணலில், குழாயலையின் விரைவு ஏறத்தாழ 900 மீட்டர். சுவர் நீரை உறிஞ்சுமாயின் அவ்வலை மேலும் தளரும். அத்தளர்ச்சியே ஊடுருவும் அளவைப் புலப்படுத்தும்.

கலந்துவரும் இவ்வலைகளைப் பிரித்துணரக் கணக்கீடு வேண்டும். குழியையும் பாறையையும் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் அசைவையும் அண்டைக் கட்டங்களைக் கொண்டு, நொடியின் சிறு கூறுதோறும் கணக்கிடுவர். ஒரு செ.மீ. கட்டத்தை 2000 மீட்டர் விரைவுள்ள அலை நொடியின் இலக்கத்தில் அரைக்கூறில் கடந்துவிடும். காலப்படி அதனினும் சிறிதாதல் வேண்டும். இன்றேல் கணக்கே வெடித்துச் சிதறும். இரண்டு இலக்கம் கட்டங்களுக்கு மூவாயிரம் படிகள் எனின், அறுபது கோடி முறை கணக்கிட வேண்டும். முன்பு பெருங்கணிப்பொறி கேட்ட அவ்வேலையை இன்று மாணவனின் கணிப்பொறியே முடித்துவிடும்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலப்படி வரம்பைக் கூராந்து, பிரீதிரிக்சு, இலெவி என்பார் 1928-இல் வெளியிட்டது செருமன் மொழியில். ஆங்கிலத்தில் எழுதினாலன்றி அறிவியல் ஆகாது என அவர்கள் நடுங்கினாரல்லர். உலகம் அதனைத் தேடிச் சென்றது. 1967-இல் ஆங்கிலப் பெயர்ப்பும் வந்தது. நம் கற்றோரோ, சொல் இல்லை என்பர். நெட்டலையும் குறுக்கலையும் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளனவே! சொல் இல்லையா, துணிவு இல்லையா?

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. நிலவியற் கணக்கீட்டிற்கும் அவ்வழி திறத்தல் வேண்டும். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதற்கேற்ற இடம். படுகையும் பக்கத்தில், நிலவியல் துறையும் உள்ளே. அதுவரை காத்திராமல், ஒரு சிற்றூரின் எல்லையில் துளையிடுவோர் எவராயினும், எத்துணை ஆழம், எவ்வெப் படுகை, அலை எவ்விரைவில் சென்றது, நீர் எம்மட்டத்தில் நின்றது என்பவற்றை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக அவ்வூர் ஊராட்சி மன்றப் பலகையில் ஒட்டுதல் வேண்டும்.