வைரஸ் சமைப்பது நம் அடுப்பில்!

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அத்தை போன் செய்தார். மழை விட்ட கையோடு தெருவில் டெங்கு. எதிர்வீட்டுப் பையனைச் சிதம்பரத்தில் அட்மிட் செய்திருக்கிறார்கள்.

"ஏன்டி, கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல ஊசி வந்துச்சு. டெங்கு எத்தனை வருஷமா இருக்கு, ஒரு மாத்திரைகூடவா இல்ல?"

நியாயமான கேள்வி. டெங்குவுக்கு இன்றைக்கும் பாரசிட்டமால், நீராகாரம், கண்காணிப்பு இவ்வளவுதான். ஆனால் மாத்திரைக்கான முயற்சி ஒன்று நடந்தது. அதுவும் நம்மவர்கள் நிறைய பேர் வாழும் சிங்கப்பூரில்.

டெங்கு வைரஸ் பத்தே பத்து புரதங்களுக்கான குறிப்போடு நம் உடம்புக்குள் நுழைகிறது. மற்றதெல்லாம் நம் செல்லில் இரவல். தன் மேலுறைப் புரதத்தைச் சரியாக மடித்து எடுக்க, அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துணுக்குகளை வெட்ட வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் வைரஸிடம் கிடையாது. நம் செல்லில் இருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதிதான் வெட்டிக் கொடுக்கிறது. வந்து உட்கார்ந்த விருந்தாளி நம் அடுப்பிலேயே சமைப்பது போல.

அடுப்பை அணைத்தால்? டெங்குவில் நான்கு வகை உண்டு. நான்குக்கும் அதே அடுப்புதான். வைரஸ் உருமாறித் தப்பிப்பதும் கஷ்டம்.

ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையில், பச்சையாகத் தின்றால் நஞ்சான விதையில், கிடைக்கும் பொருளிலிருந்து உருவான செல்கோசிவிர் என்ற மருந்து இதைச் செய்தது. எலிகளைக் காப்பாற்றியது. 2012-13இல் சிங்கப்பூரில் 50 டெங்கு நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை. ஆனால் வைரஸும் குறையவில்லை, காய்ச்சலும் குறையவில்லை.

ஒரு சிக்கல், நேரம். காய்ச்சல் வந்து நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே வைரஸ் உச்சத்தில் இருக்கும். அதன் பிறகு உடம்பே அதை விரட்ட ஆரம்பித்துவிடும். மாத்திரைக்குக் கிடைக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. இன்னொன்று, அடுப்பு நம்முடையது. ரொம்ப நேரம் அணைத்து வைத்தால் நாமும் பட்டினி.

நம் நொதியைத் தடுக்கும் மருந்து எதுவுமே பலித்ததில்லை என்று நினைக்க வேண்டாம். மூட்டுவாதத்துக்கான பேரிசிட்டினிப்பை 2021இல் கொரோனாவுக்கு அவசரமாக அனுமதித்தது இந்தியா. உயிர் காத்ததும் உண்மை. முக்கியமாக அது அடக்கியது வைரஸை அல்ல, வரம்பு மீறிய நம் எதிர்ப்புச் சக்தியை.

இதையெல்லாம் சொன்னதும் அத்தை, "நான் சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற சுகர் மாத்திரைகூட ஏதோ குளுக்கோசி..." என்று இழுத்தார். சரிதான், வோக்லிபோஸும் அதே குடும்பத்து நொதியைத் தடுப்பதுதான். ஆனால் அதன் வேலை குடலோடு சரி, ரத்தத்தில் அநேகமாகக் கலக்காது. தயவுசெய்து யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். வலிக்கிறதென்று ஆஸ்பிரின், இபுபுரூஃபனும் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

"அதை விடு, பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். இன்னைக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு அவங்கம்மா நிக்கிறா."

எனக்குப் பக்கென்றது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, சிறுநீர் குறைவது என எது வந்தாலும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். டாக்டர் சொல்லாமல் கிளம்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"இரு, அவ நம்பருக்கே போடுறேன்" என்று அத்தை போனை வைத்தார்.