நினைவில்லத்துக்கு முன்னால் ஒரு பலகை

வண்டலூரில் ரயில் ஏறித் தெற்கே போனால் மறைமலை நகர் வரும். வடக்கே போனால் பல்லாவரம் வரும். ஒன்று மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். மற்றது அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் குடியிருந்த ஊர். தினமும் இந்தத் தடத்தில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு முதல் ஊரின் பெயர்க் காரணம் ஓரளவு தெரிந்திருக்கும். பல்லாவரத்துக்கும் அவருக்கும் உள்ள உறவை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராக இருந்த அடிகள் (அப்போது வேதாசலம்), 1911இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்துக்கு வந்தார். கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. 1937இல் அதுவே தாம்பரத்துக்கு, விட்டுப் போனவரின் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது. பல்லாவரத்தில் அவர் குடும்பம் மட்டும் நடத்தவில்லை. அவர் நிறுவிய பொதுநிலைக் கழகம் அங்கே நடந்தது. நூல் நிலையம் அங்கே இருந்தது. சொந்த அச்சுக்கூடமும் அங்கேதான். அவருடைய பழைய பதிப்புகள் கையில் கிடைத்தால் முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். பல்லாவரம் என்று ஊர்ப்பெயர் அச்சாகியிருக்கும். 1916இல் தனித்தமிழ் இயக்கம் உருப்பெற்றதும், வேதாசலம் மறைமலை ஆனதும், மகள் நீலாம்பிகை அந்த முயற்சியில் தோள் கொடுத்ததும் இந்தப் பல்லாவரத்து வாழ்க்கையின் காலத்தில்தான். 1950 செப்டம்பர் 15 அன்று அடிகள் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த ஏறத்தாழ 4,000 நூல்களைக் கொண்டு 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் மறைமலையடிகள் நூல்நிலையத்தை நிறுவியது. லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த அது பின்னர் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாறியது.

புத்தகங்களுக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளை என்ன செய்வது என்பதில்தான் நமக்குத் தெளிவில்லை. பேச்சு எழுந்த உடனே வரும் கோரிக்கை, “அரசே எடுத்து நினைவில்லம் ஆக்க வேண்டும்” என்பது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் வெவ்வேறு சட்டமும் வெவ்வேறு செலவும் உள்ள நாலு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. வீட்டை வாங்குவது ஒன்று. தொல்லியல் சின்னமாக அறிவிப்பது இன்னொன்று. பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் சேர்ப்பது வேறு. இன்னார் இங்கே வாழ்ந்தார் என்று பலகை வைப்பது முற்றிலும் வேறு.

முதலில் வாங்குவது. திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீட்டை 1993இல் தமிழ்நாடு அரசு நினைவில்லம் ஆக்கியது. தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராஜர் வாடகைக்கு இருந்த வீடும் அவர் மறைவுக்குப் பின் அரசு நினைவில்லமானது. வாங்குவது அரசாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் சீரமைத்தது. 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். ஓட்டு வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில், பின்கட்டில் சமையலறை, கிணறு. அதற்குள் நின்று பார்க்கிறவருக்கு, எந்த வசதியும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய மூளை வேலை செய்திருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டைக் காப்பாற்றுவதில் உள்ள பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவருடைய நூல்களும் கடிதங்களும் சொல்லாத ஒன்றை அந்த இடத்தின் அளவு சொல்லிவிடுகிறது.

வாங்குவதில் சிக்கல் வந்த கதையும் நமக்கு அண்மையிலேயே நடந்தது. ஜெயலலிதா வாழ்ந்த போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லம் ஆக்க 2020இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இழப்பீடாக 67.9 கோடி ரூபாய் நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டது. 2021 நவம்பர் 24 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. மெரினாவில் ஏற்கெனவே நினைவிடம் இருக்கிறது, இதில் பொதுநோக்கம் இல்லை, சட்டப்படியான வாரிசுகள் உரியபடி கேட்கப்படவில்லை என்பவை தீர்ப்பின் அடிப்படைகள். அடுத்த மாதமே சாவி வாரிசுகளிடம் போனது. இதை ஒரு கட்சியின் வெற்றியாகவோ தோல்வியாகவோ பேசி முடித்துவிட்டோம். அதில் எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருந்தது. உரிமையாளர் மனமுவந்து விற்றால் அது கிரயம், பத்திரம் போட்டால் வேலை முடிந்தது. அவர் விரும்பாதபோது எடுத்தால் அது கையகப்படுத்தல். பொதுநோக்கத்தை அரசு நிரூபித்தாக வேண்டும். “அரசே எடுக்கட்டும்” என்று கேட்கிறவர்கள் இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று யோசிப்பது நல்லது.

இரண்டாவது, தொல்லியல் சட்டம். நம் பகுதி மக்கள் இதை நன்றாக அறிவார்கள், பட்டு அறிந்திருக்கிறார்கள். பல்லாவரம், திரிசூலம் பக்கம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பெருங்கற்காலச் சின்னங்கள் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். அங்கே மனை வாங்கியவர்கள் மாடி எடுக்க முடியாமல் அலைந்த கதை தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதனால்தான் பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் மிரள்கிறார்கள். ஒரு தமிழறிஞர் வாழ்ந்த வீட்டுக்கு அந்தச் சட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி கட்டடத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும். தேசிய முக்கியத்துவம் உடையதென்று அரசு முறைப்படி அறிவிக்கவும் வேண்டும். இந்த அச்சத்தை நீக்காமல் வீட்டுக்காரர் யாரும் தங்கள் வீட்டின் வரலாற்றை வெளியே சொல்ல முன்வர மாட்டார்கள்.

மூன்றாவதான பாரம்பரியப் பட்டியல் விஷயத்துக்கு அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கைச் சொல்ல வேண்டும். அதில் 2010இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு 467 கட்டடங்களைக் காக்க வழி செய்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்ததும் அதையொட்டித்தான். நல்ல தொடக்கம். ஆனால் ஒரு கட்டடத்தின் தூணையும் வளைவையும் பார்த்து மதிப்பிடும் கண்ணுக்கு, சாதாரணத் தெருவில் உள்ள சாதாரண வீடு தட்டுப்படுவது கடினம். பெரும்பாலான தமிழறிஞர்கள் சாதாரண வீடுகளில்தான் வாழ்ந்தார்கள்.

உ.வே.சாமிநாதையர் திருவட்டீஸ்வரன்பேட்டையில் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயர். கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்தை ஐயருக்கு வாங்கிக்கொடுத்த தியாகராச செட்டியாரின் நினைவாக வைத்த பெயர். சங்க நூல் பதிப்பு வேலையில் ஒரு பகுதி அங்கே நடந்தது. 1942இல் போர் அச்சத்தில் சென்னை காலியானபோது அவரும் திருக்கழுக்குன்றம் போனார். அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று அங்கேயே மறைந்தார். சுவடிகளும் நூல்களும் மறு ஆண்டு தொடங்கிய நூலகத்தில் சேர்ந்து, இன்று பெசன்ட் நகரில் பத்திரமாக இருக்கின்றன. வீடு 2012இல் இடிபட்டது. தனியார் சொத்து, இடிப்பதைத் தடுக்கும் காகிதம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. செய்தி வந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு வீடு இருந்ததே தெரிந்தது. அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நாலாவதாகச் சொன்ன பலகை இந்தத் தாமதத்துக்குத்தான் மருந்து. லண்டனில் பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளின் முகப்பில் வட்டமான நீலப் பலகை பதிப்பது 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் தொடங்கியது. அந்தப் பலகைக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. பைரன் வீடே பின்னால் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பலகை இருக்கும் வீட்டை யாரும் சத்தமில்லாமல் இடித்துவிட முடியாது. தெருவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அங்கே ஒரு விதியும் உண்டு: உரியவர் இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். நம் ஊருக்கு அது மிகவும் தேவையான விதி. வீட்டையே காத்த சிற்றூரும் உண்டு: எஸ்டோனியாவின் வோருவில், 1833 முதல் 1877 வரை ஊர் மருத்துவராக இருந்துகொண்டே அந்நாட்டின் காப்பியமான கலேவிப்போயெக்கைத் தொகுத்த கிராய்ட்ஸ்வால்டின் வீடு 1941 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரிய நகரத்துக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும் என்பது சரியல்ல.

தாம்பரம் வட்டாரத்தில் பலகைக்கு உரிய இடங்களுக்குக் குறைவில்லை. சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் இதே போன்ற சானடோரியம் நடத்தினார். 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்ற நோயாளிகளில் ஒருவர் ராமானுஜன். கும்பகோணத்து வீட்டைப் பார்த்து வியக்கிற நாம், ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர் உருவாக்கிய வளாகத்தைத் தினமும் ரயிலில் கடந்து போகிறோம்.

2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். வார்டுக்கு ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகப் போய், ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு, பழைய கடித உறை, வீட்டு வரி ரசீது, நூல் முகப்பு என ஏதாவது ஒரு சான்றோடு எழுதி வரட்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கும் இடத்தில் பெயர், ஆண்டு, செய்த காரியம் ஆகிய மூன்றையும் தமிழில் பொறித்துப் பலகை வைக்கலாம். வீடு போய் அடுக்குமாடி வந்துவிட்டிருந்தால் மதில் சுவரில் வைக்கலாம். இந்தப் பட்டியலின் நகல் ஒன்று மண்டல அலுவலகத்தில் கட்டட அனுமதி பார்க்கிற பொறியாளரின் மேசையில் இருக்க வேண்டும். இடிக்க விண்ணப்பம் வரும் அன்றே அவர் முகவரியைச் சரிபார்த்தால், வாங்கலாமா, பட்டியலில் சேர்க்கலாமா, படம் எடுத்து ஆவணப்படுத்தி விட்டுவிடலாமா என்று உரிமையாளரோடு உட்கார்ந்து பேசச் சில வாரங்களாவது கிடைக்கும்.