பால் பிரிவது எவ்வாறு? பழி சுமப்பது எவர்?

பெண்மகவு பிறந்தால் தாயைப் பழித்தலும், ஆண்மகவு பிறந்தால் தந்தையை வாழ்த்துதலும் நம் வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கல்லாதார் மட்டுமோ? பட்டம் பெற்றோரும் மருமகளை நோக்கி அச்சுடுசொல்லையே வீசுகின்றனர். அறியாமையினும் கொடிது, அறிந்தும் அறியாதார் போல் ஒழுகுதல். ஆகலின் கருவினுள் நிகழ்வது யாதென இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

பாடநூல்கள் குரோமோசோம் என வழங்குவதே நிறப்புரி. தாயின் சூலணு எக்சு நிறப்புரியையே தரும். தந்தையின் விந்தணுவே எக்சினையோ ஒய்யினையோ கொணரும். அவனும் தேர்ந்து அனுப்புவதில்லை. பின்னர்த் தாய்மேல் பழி ஏற்றுவது எவ்வகை அறம்?

கருவின் முதற்கிழமைகளில் ஆண், பெண் என்னும் வடிவ வேறுபாடே இல்லை. மூன்றாம் கிழமையளவில், விந்தணுவுக்கும் சூலணுவுக்கும் மூலமான முதற்பாலணுக்கள் கருவுணவுப்பையின் அருகே தோன்றுகின்றன. அவை பின்குடல் வழியே ஊர்ந்து பால்முகட்டை அடைகின்றன. அக்காலத்தே, பெற்றோரிடமிருந்து வந்த மெத்தில் குறிகளுள் பெரும்பாலன அவற்றினின்று துடைக்கப்படுவதை 2015-இல் ஆய்வாளர் காட்டினர். எழுதிய பலகையை அழித்து, அடுத்த தலைமுறைக்கென ஆயத்தம் செய்தல் போன்றது அது.

ஒவ்வோர் உயிரணுவிலும் மரபீனிகள் எல்லாம் உள. எது வாய் திறக்கும், எது வாளா இருக்கும் என்பதிலேதான் வேறுபாடு. 1990-இல் இலண்டன் ஆய்வாளர், ஒய் நிறப்புரியில் எசு.ஆர்.ஒய். என்னும் மரபீனியைக் கண்டறிந்தனர். கருவின் ஆறு, ஏழாம் கிழமைகளில் அது விழித்துச் சாக்சு-9 என்னும் மரபீனியை எழுப்ப, விந்தகம் உருவாகிறது. எசு.ஆர்.ஒய். இல்லாவிடத்துச் சூலகம் உருவாகிறது. அதுவும் வாளா நிகழ்வதன்று. அதற்கெனத் தனி மரபீனிகள் உழைக்கின்றன. பெண்மை என்பது ஆண்மை இல்லாமையால் எஞ்சிய வெறுமை அன்று என்பதை நன்கு உணர்க!

இனிப் பாலணுக்களின் வழியும் இரண்டாகப் பிரிகின்றது. பெண்கருவில் அவை மூன்றாம் திங்களளவில் குன்றற் பகுப்பைத் தொடங்கி, இடையிலேயே நின்றுவிடுகின்றன. 20-ஆம் கிழமையளவில் ஏறத்தாழ 70 நூறாயிரமாகப் பெருகும் அவை, பிறக்கும்போது 10 முதல் 20 நூறாயிரமாகக் குறைகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுவன நானூறு, ஐந்நூறே. நாற்பதாம் அகவையில் முதிரும் சூலணு, நாற்பதாண்டுக்கு மேலாகக் காத்திருந்ததாகும். ஆண்கருவிலோ அவை அடங்கிக் கிடந்து, பூப்புப் பருவத்திலேயே குன்றற் பகுப்பைத் தொடங்குகின்றன.

எண்ணிப் பாருங்கள்! நீவிர் தோன்றிய சூலணு, உம் தாய் உம் பாட்டியின் வயிற்றிலிருந்தபோதே உருவாகிவிட்டது. பெண்கருவைச் சுமப்பவள் மூன்று தலைமுறைகளை ஒருங்கே சுமக்கின்றாள்.

இவ்வொழுங்கு பிறழின் கேடு நெடுநாள் கழித்தும் தோன்றும். ஆண்கருவில் அடங்க வேண்டிய தொடக்கநிலை மரபீனிகள் அடங்காது நிற்கும் பாலணுக்களே, இளைஞரைத் தாக்கும் விந்தகப் புற்றுக்குப் பெரும்பாலும் வித்தாகின்றன. அதன் முன்னிலையை 1972-இல் தென்மார்க்கு நாட்டு மருத்துவர் இசுகாக்கிபேக் எடுத்துரைத்தார். புகைபிடிக்கும் தாயரின் கருக்களில் பாலணுக்கள் குறைந்திருத்தலை அந்நாட்டு ஆய்வாளரே 2010-இல் கண்டனர். கருவுற்ற மனைவியின் அருகிலிருந்து புகைக்கும் கணவர் இதனை உன்னுக!

முப்பதாண்டு பள்ளியில் உழைத்தவன் யான். இனப்பெருக்கப் பாடம் வந்ததும், “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என நாணி நழுவும் ஆசிரியர் பலரைக் கண்டுள்ளேன். நாம் மறைத்த பாடமே நாளை மருமகளைச் சுடும் சொல்லாக மாறுகின்றது. தாய்மொழியில் தெளிவுறச் சொல்வோமாயின் நாணுதற்கு ஒன்றுமில்லை.

ஆசிரியரே, அப்பாடத்தை வகுப்பிலேயே நடத்துக! பெற்றோரே, சூலுற்றவளைப் பழியின்றிப் பேணுக! அவள் சுமப்பது ஒரு மகவை மட்டுமன்று, வரவிருக்கும் தலைமுறையையும்!