மூச்சைக் காக்கும் கல்வி
பிள்ளை மருத்துவம் படிக்க விழைந்தால், ஐந்தாறு ஆண்டுகளில் டாக்டராகிவிடுவான் என்று கணக்கிடுகிறோம். நுரையீரல் மற்றும் தீவிர சிகிச்சை நிபுணராவதற்கு அக்கணக்குப் போதாது. நம் நாட்டில் பயிற்சியாண்டு உட்பட எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டுகள், எம்.டி. 3 ஆண்டுகள், டி.எம். மேலும் 3 ஆண்டுகள். ஒவ்வொரு படிக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

ஆஸ்துமா, காசநோய் முதல் செயற்கைச் சுவாசத்தில் உயிருக்குப் போராடுவோர் வரை இவர் பொறுப்பு. கருவியின் அழுத்தம் மிகுந்தால் நுரையீரல் காயமுறும். குறைந்தால் உயிர்வளி போதாது. நள்ளிரவிலும் அதனை நிதானித்து முடிவெடுக்க நீண்ட பயிற்சி இன்றியமையாதது.

இக்கல்வி நமக்குப் புதிதன்று. டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அந்நஃபீஸ் (மறைவு 1288), இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று முதன்முதலில் விளக்கினார். ஷாஃபிஈ சட்ட அறிஞருமான அவர், தம் இல்லத்தையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கே வழங்கிச் சென்றார்.

எனவே, மகனாயினும் மகளாயினும், எம்.பி.பி.எஸ். முடிந்தவுடன் ‘சம்பாத்தியம் எப்போது?’ ‘நிக்காஹ் எப்போது?’ என்று நெருக்காதீர்கள். மேற்படிப்புக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு. பெற்றோரின் பொறுமையும் துஆவும் துணைநின்றால், இன்ஷா அல்லாஹ், பல குடும்பங்களின் மூச்சு காக்கப்படும்.