எரிமலையும் எமது அடுப்படியும்

2025 நவம்பர் 23ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைக் கடந்து, யெமன், ஓமான் வான்வெளியூடாக இந்தியா வரை சென்றது. சில விமானப் பயணங்களும் இரத்தாயின. அவ்வார இறுதியில் எமது இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், அது இங்கேயும் வருமா?" என்று வினவினாள். வீட்டிலே கேட்கவில்லையா என்றோம். "அம்மா இங்கிலீசிலே பார்க்கச் சொன்னா" என்றாள்.

அன்பார்ந்த பெற்றோரே, அம்மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழென்றால் ஆத்திசூடியும் மேடைப்பேச்சும். உலகத்தைப் பற்றிய அறிவென்றால் ஆங்கிலம் என்று நாமே வீட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அதனால் சோறு கேட்கத் தமிழ் போதுமென்றும், பூமியைப் பற்றிக் கேட்க அது போதாதென்றும் பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

பயமுறுத்தக்கூடாது என்று சிலர் பேசாதிருப்பதும் உண்டு. வன்னியில் நாம் ஆசிரியராயிருந்த காலத்தில், எறிகணைச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எம்முகத்தைப் பார்க்கையில், "இடி முழங்குகிறது" என்று சொன்னோம். அவர்கள் நம்பவில்லை. பின்னர் மெய்யாகவே இடி முழங்கியபோது சொன்னதையும் நம்பவில்லை. அன்றுமுதல் பிள்ளைகளிடம் உள்ளதையே சொல்வதென்று உறுதிகொண்டோம்.

ஆகவே அம்மாணவிக்கும் உள்ளதையே கூறினோம். நாம் வாழும் அமீரகத்தில் வெடிக்கும் நிலையில் எரிமலை இல்லை. ஆயினும் அரேபியத் தீபகற்பத்தின் மேற்கில் உண்டு. 1256ஆம் ஆண்டில் மதீனாவுக்கு அருகே நிலம் பிளந்து பாறைக்குழம்பு 52 நாட்கள் பெருகியது. சுமார் 23 கிலோமீற்றர் ஓடியும் நகரை அடையவில்லை. 2009ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் வடமேற்கில் ஹர்ரத் லுனையிர் பகுதியில் ஆயிரக்கணக்கான நில அதிர்வுகள் எழவே, மக்கள் வெளியேற்றப்பட்டனர். குழம்பு மேலெழவில்லை, அவர்கள் வீடு திரும்பினர். இக்கடைசிச் சொற்களைக் கூறுகையில் எமக்குச் சற்றே நின்று தொடர வேண்டியிருந்தது.

இனி, வீட்டிலே செய்யக்கூடியது. சோடா மாவில் வினாகிரியை ஊற்றிச் சிவப்பு நுரை பொங்கச் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததே. பார்க்க அழகுதான். ஆனால் எரிமலைக்குள் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. அதைவிட, மூடிய சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்து காட்டுங்கள். அமுக்கத்தில் கரைந்து கிடந்த வாயு, அமுக்கம் குறைந்ததும் குமிழிகளாகிச் சீறும். பாறைக்குழம்பிலும் அவ்வாறே.

அடுப்படியில் இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. ரசம் கொதிக்கையில் குமிழிகள் இலகுவாக வெளியேறிவிடும். தடித்த ஒடியற்கூழ் கொதிக்கையிலோ ஆவி சிக்குண்டு, திடீரெனக் கிளம்பிக் கையிலே தெறிக்கும். இளகிய குழம்புள்ள எரிமலை ஆறுபோல் ஓடுவதும், இறுகிய குழம்புள்ளது வெடித்துச் சாம்பல் கக்குவதும் இக்காரணத்தாலேயே. பிள்ளை எட்ட நின்று பார்க்கட்டும். நீங்கள் அகப்பையுடன் விளக்குங்கள். எரிமலை என்ற பெயர் இருப்பினும் மலை விறகுபோல் எரிவதில்லை, பாறையே உருகி ஒளிர்கிறது என்பதையும் அவ்வேளையிலே சொல்லிவிடலாம்.

விடுமுறையில் ஹத்தாவுக்கோ புஜைராவுக்கோ செல்வோர் படம் பிடித்ததுடன் திரும்பிவிடாதீர்கள். அம்மலைகளின் கரும்பழுப்புப் பாறைகள் ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாகவும் அதற்கும் கீழே ஆழத்திலும் உருவானவை. பின்னர் நிலத்தின்மீது தள்ளப்பட்டவை. ஓமானில் சோஹாருக்கு மேற்கே வாதி ஜிஸ்ஸியில், கடலுக்குள் வெளிவந்த குழம்பு நீர்பட்டு இறுகித் தலையணைகளை அடுக்கியதுபோல் நிற்கிறது. கடலின் அடித்தரை இதுவென்று மகனிடம் தமிழிலே சொல்லிப் பாருங்கள். அவன் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான்.

அம்மாணவியின் குடும்பம் சென்ற மாதம் ஹத்தா சென்றது. மறுவாரம் அவள் கறுப்புக் கல்லொன்றை எம் மேசைமீது வைத்து, "இதற்குள்ளே மீன் இருக்குமா, சேர்?" என்றாள். இல்லை என்றோம். ஏன் இல்லை என்பதைச் சொல்லி முடிக்குமுன் மணி அடித்துவிட்டது.