கட்டணம் மட்டும்தானா கல்வியின் விலை?

கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம் தியாகராய நகரில் உள்ள துணிக்கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இரண்டாம் தளத்தில் புடவைகளை எடுத்துக் காட்டிக் கொண்டிருந்த இளம்பெண் என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், என்னை ஞாபகம் இருக்கா?" என்றார். முகம் நினைவில் இருந்தது. பெயர் வரச் சிறிது நேரம் பிடித்தது. நான் பொருளாதாரம் கற்பித்த மகளிர் கல்லூரியில் மூன்றாண்டுகள் படித்தவர் அவர். ஆனால், பட்டம் பெறவில்லை.

"இன்னும் ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு மேடம். நவம்பர்ல எழுதலாம்னா தீபாவளி, ஏப்ரல்ல எழுதலாம்னா கல்யாண சீசன். லீவு கேட்டா வேலை போயிடும்" என்றார். குறைபட்டுக்கொள்ளும் தொனி அதில் இல்லை. கடை நேரத்தைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுத்த புடவையை விரித்தார்.

அவரை நான் மறந்திருக்கக் கூடாது. அதற்குக் காரணம் உண்டு. மயிலாப்பூரில் இயங்கும் ஓர் அறக்கட்டளை ஏழை மாணவிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் உதவித்தொகைக்கான தேர்வுக் குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். நேர்காணலுக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். பிளஸ் 2 மதிப்பெண் நடுத்தரம். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் இரண்டு சொற்களில் பதில் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். நான் குறைந்த மதிப்பெண் இட்டேன். எங்கள் தேர்வு அந்த ஆண்டு ஒரு மாணவியின் மீது விழுந்தது. அவருக்கு ஏற்கெனவே வேறு இரு அமைப்புகளின் உதவித்தொகை கிடைத்திருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

இந்தக் குற்ற உணர்வைப் பொதுவெளியில் சொல்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. பெண்களின் உயர்கல்விக்கு அரசும் அறநிலையங்களும் அள்ளித் தரும் காலம் இது. அந்தப் பணம் யாரைச் சென்றடைகிறது, எப்போது சென்றடைகிறது, அதனுடன் வேறு என்ன செல்கிறது என்பதை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

முதலில், கொண்டாட வேண்டியதைக் கொண்டாடிவிடுவோம். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதியுதவி அளிக்க 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்க்கப்பட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-ஆம் ஆண்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்கு இதுவே பொருத்தம். 'புதுமைப் பெண்' என்ற பெயரில் அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு, உயர்கல்வியை முடிக்கும்வரை மாதம் ரூ.1,000 அவர்களது வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. பின்னர், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது.

தொகை சிறிது எனச் சிலர் எள்ளுவதுண்டு. நான் அப்படி எண்ணவில்லை. ஒரு பெண்ணின் சொந்தக் கணக்கில் மாதந்தோறும் வரும் பணம், வீட்டுக்குள் அவர் பேசும் குரலுக்கு வலுவூட்டுகிறது. 'படித்தது போதும்' என்று சொல்லும் அண்ணனிடம், 'படிப்பதால்தான் இந்தப் பணம் வருகிறது' என்று சொல்ல முடிகிறது.

2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அதாவது, கல்லூரி வாசல் வரை வந்து சேர்வதில் நாம் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே இருக்கிறோம். இனி எழும் கேள்வி, வாசலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியது.

பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை இழக்கிறோமோ, அதுவே அதன் உண்மையான விலை. ஓர் ஏழை மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் அந்த விலையின் ஒரு பகுதிதான். பெரும்பகுதி அவரது நேரத்தில் இருக்கிறது.

துணிக்கடையில் நான் சந்தித்த பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவரது குடும்பம் மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வசித்தது. தாய் நான்கு வீடுகளில் வேலை செய்தார். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. கல்லூரிக்கு நடந்தே வந்த பெண், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியவரானார். போக வர நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். காலை முதல் வகுப்புக்குத் தாமதம், அதனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே, அதனால் அபராதம். வேலைக்குச் செல்ல முடியாத தூரமாகிவிட்டதால் தாயின் வருமானமும் பாதியானது. அந்த ஆண்டு தீபாவளி நெருங்கியபோது அவர் கடையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் பருவத் தேர்வும் அதே நாள்களில்தான் வந்தது.

இன்று சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. 2021 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம் மாணவிகளின் பணத்தைக் காக்கிறது. அவர்களது மூன்று மணி நேரத்தை அதனால் காக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி தருகிறோம். விடியலில் வெறும் வயிற்றுடன் செம்மஞ்சேரியிலிருந்து புறப்படும் கல்லூரி மாணவிக்கு அது இல்லை. முதல் வகுப்பில் கண் சொக்கிய மாணவிகளை நான் பல ஆண்டுகள் அக்கறையில்லாதவர்கள் என்றே எண்ணியிருந்தேன். பசி என்று எனக்குச் சொன்னவர், என் வகுப்பறையைப் பெருக்கிய பணியாளர்.

விலைவாசியும் ஒரு கணக்கைச் சொல்கிறது. ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டு முடிவில் ரூ.1,000-இன் வாங்கும் திறன் ஏறத்தாழ ரூ.864. மத்திய அரசின் பட்டியல் சாதியினருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 2020-ஆம் ஆண்டு இறுதியில் மாற்றியமைக்கப்பட்டு நிதி பெருமளவு உயர்த்தப்பட்டது. ஆனால், பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு அப்போதும் ரூ.2.5 லட்சமாகவே விடப்பட்டது. மாதத்துக்குச் சுமார் ரூ.20,800. தந்தை வண்ணம் பூசுபவராகவும் தாய் வீட்டு வேலை செய்பவராகவும் இருந்து, இருவருக்கும் தடையின்றி வேலை கிடைத்துவிட்டால், சென்னையில் அக்குடும்பம் வரம்பைத் தாண்டிவிடக்கூடும். உழைப்பவர் வீட்டுப் பெண் உதவிக்குத் தகுதியற்றவராகிவிடும் விந்தை இது.

இந்தச் சிக்கல்கள் புதியவை அல்ல. இவற்றுக்கான தீர்வுகளும் இதே நகரத்தில் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டவை. மயிலாப்பூரில் 1886-இல் பிறந்து, சிறுவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்பலட்சுமி, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இளம் கைம்பெண்களைப் படிக்க வைக்க விரும்பிய அவர், அவர்களுக்குத் தங்குவதற்கு ஓர் இல்லத்தை அமைப்பதிலிருந்து பணியைத் தொடங்கினார். அந்த இல்லம் பின்னர் கடற்கரையில் உள்ள 'ஐஸ் ஹவுஸ்' கட்டடத்துக்கு மாறியது. அங்கிருந்து சிறிது தூரத்தில் இருப்பது, 1914-இல் நிறுவப்பட்ட, சென்னையின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரி கல்லூரி. படிக்கும் இடமும் தங்கும் இடமும் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை அவர் அறிந்திருந்தார்.

துர்காபாய் தேஷ்முக் மயிலாப்பூரில் 1937-இல் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பைத் தவறவிட்ட பெண்களைப் பனாரஸ் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குத் தயார்ப்படுத்தினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தோற்றுவித்த அவ்வை இல்லம், ஆதரவற்ற சிறுமியருக்கு உறைவிடத்தையும் கல்வியையும் ஒருசேர அளித்தது. இன்றும் அடையாறில் அப்பணி தொடர்கிறது. மூவரும் பணத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. இடம், உணவு, தனிப்பயிற்சி, அக்கறையுடன் விசாரிக்க ஒரு மூத்தவர் என நான்கையும் சேர்த்தே தந்தனர்.

இன்றைய பொருளாதார ஆய்வுகளும் இதையே உறுதிசெய்கின்றன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. குறைந்த வருமானம் கொண்ட மாணவர்களுக்குக் கட்டணத்தில் விடுபட்ட பகுதியுடன், பாடநூல்கள், போக்குவரத்து அட்டை, அடிக்கடி சந்திக்க ஓர் ஆலோசகர் ஆகிய அனைத்தும் அளிக்கப்பட்டன. குலுக்கல் முறையில் இரு பிரிவினராகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்துக்கு வெளியே இருந்தோரில் 22 சதவீதம். திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு கூடியது; ஆனால், படிப்பை முடித்த ஒருவருக்கான செலவு குறைந்தது. நம் நிதித் துறையினர் கவனிக்க வேண்டிய கணக்கு இதுதான். பாதியில் நின்றுபோகும் படிப்புக்குச் செலவிட்ட பணமே ஆக விலையுயர்ந்த பணம்.

'அரசிடம் நிதி எங்கே இருக்கிறது?' என்ற கேள்வி நியாயமானது. எனவே, பெருநிதி கோராத சில மாற்றங்களை முதலில் முன்வைக்கிறேன்.

ஒன்று, நேரம். கல்வியாண்டு ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. செலவும் அப்போதுதான் குவிகிறது. உதவித்தொகைகள் பலவும் விண்ணப்பம், சரிபார்ப்பு, ஒப்புதல் என நகர்ந்து, தேவை முடிந்த பிறகு வந்து சேர்கின்றன. கந்துவட்டிக்குக் கடன் வாங்கிவிட்ட குடும்பத்துக்கு அத்தொகை வட்டி கட்டவே சரியாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கேனும் முதல் மாதத்திலேயே முன்பணம் வழங்கலாம்.

இரண்டு, தேர்வு முறை. தென்சென்னையில் உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகளுக்கும் முன்னாள் மாணவியர் சங்கங்களுக்கும் குறைவில்லை. பெரும்பாலும் அனைவரும் முதல் மதிப்பெண் பெற்றவரையே தேடுகிறோம். ஒரே மாணவி மூன்று மேடைகளில் காசோலை பெறுகிறார். 60 சதவீதம் பெற்றவர் ஒன்றும் பெறாமல் நின்றுவிடுகிறார். 60 சதவீதத்துடன், வீட்டு வேலையும் மூன்று மணி நேரப் பயணமும் சுமப்பவரின் முயற்சி, 90 சதவீதத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஒவ்வொரு கல்லூரியும் யாருக்கு எந்த உதவி கிடைக்கிறது என்ற பதிவேட்டைப் பராமரித்து, கொடையாளர்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

மூன்று, பயணமும் உறைவிடமும். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய இடங்களிலிருந்து கல்லூரி நேரத்தை ஒட்டிக் காலையில் கூடுதல் பேருந்துகள் வேண்டும். பணிபுரியும் மகளிருக்கு அரசு 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. நகரின் மையத்தில் மாணவிகளுக்கும் அதுபோன்ற விடுதிகள் பெருக வேண்டும். அதுவரை, கல்லூரி நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருந்தால்கூட, படிக்க ஒரு மூலையும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு அது பெரும் கொடை.

நான்கு, துணைநிற்றல். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதுவது, பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிப்பது, முதுகலை நுழைவுத்தேர்வு எப்போது வருகிறது என்று அறிவது ஆகியவற்றைப் படித்த வீட்டுப் பெண் உணவு மேசையிலேயே கற்றுக்கொள்கிறாள். முதல் தலைமுறை மாணவிக்கு அதை யாரேனும் சொல்லித்தர வேண்டும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சி தருகிறது. ஆனால், பாடத்திட்டத்தால் செய்ய முடியாததை ஒரு மனிதர் செய்ய முடியும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள், பொறியாளர்கள் எத்தனை பேர் மாலையில் பூங்காவில் நடந்துகொண்டிருக்கிறோம்! ஆளுக்கு இரு மாணவிகள், வாரத்தில் இரண்டு மணி நேரம் என்றால், அதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

இறுதியாக, அளவுகோல். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேருக்குப் பணம் வழங்கப்பட்டது என்று அறிவிக்கிறோம். எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர் என்பதையும் கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். 2023-24-ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நாட்டின் நகர்ப்புறப் பெண்களில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் உழைப்புச் சந்தையில் இருப்போர் 28 சதவீதம் மட்டுமே. பட்டம் பெறாதவரையும், பெற்றும் வீட்டில் இருப்பவரையும் நாம் கணக்கில் எடுக்காவிட்டால், சேர்க்கை விகிதத்தின் பெருமிதம் அரைகுறையானதே.

துணிக்கடைப் பெண்ணின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி வந்தேன். அவரது வாராந்திர விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று மாலை என் வீட்டில் அந்த இரண்டு தாள்களையும் படிக்கிறோம். ஏப்ரல் தேர்வுக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. தன் மேலாளரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அறக்கட்டளையிடமிருந்து இவ்வாண்டும் நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போவேன். மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், 'எந்தப் பேருந்தில் வந்தாய், எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், சாப்பிட்டாயா?' என்று தமிழில் கேட்பேன்.